மார்கழி விடியலில் நாயோடு கடற்கரை: கயிற்றை அவிழ்க்கலாமா?

கேள்வி இதுதான்: "பெசன்ட் நகருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். பத்து மாத லாப்ரடார் இருக்கிறான். மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போனால் கடற்கரை காலியாக இருக்கும் என்கிறார்கள். கயிற்றை அவிழ்த்து ஆசை தீர ஓடவிடலாமா? தண்ணீரில் இறக்கலாமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?"

அவிழ்க்காதீர்கள். ஐந்து மணிக்கும் போகாதீர்கள். ஆனால் கண்டிப்பாகப் போங்கள். வருஷத்தில் நம் ஊர் நாய்கள் நிம்மதியாக மூச்சுவிடும் இரண்டு மாதம் இதுதான். சித்திரையில் காலை எட்டு மணிக்கே நாக்கைத் தொங்கப்போட்டு நடுத்தெருவில் படுத்துவிடும் லாப்ரடார், வெப்பநிலை இருபது இருபத்தொன்றுக்கு இறங்கும் மார்கழியில் வேறு நாயாகிவிடும்.

கொட்டிவாக்கத்திலிருந்து ஊரூர் குப்பம் வரைக்கும் இந்த மணலில் பதினேழு வருஷமாக நாய்களோடு நடக்கிறேன். இப்போது என்னோடு வருவது பட்டாணி என்று ஒரு நாட்டு நாய். இத்தனை வருஷத்தில் கடற்கரை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. இருட்டில் நம் கண்ணுக்குத்தான் அது காலி. நாயின் மூக்கில் வாசனை பிடிக்கும் உயிரணுக்கள் இருபது கோடிக்கு மேல். நமக்கு ஐம்பது அறுபது லட்சம் இருந்தால் அதிகம். உங்களுக்கு வெறும் மணலாகத் தெரிவது அவனுக்குத் திருவிழாக் கடைத்தெரு.

முதலில் நேரம். டிசம்பர் நடுவில் சென்னையில் சூரியன் உதிக்க 6.20 ஆகிவிடும். பொங்கல் சமயத்தில் 6.35 வரைக்கும் தள்ளிப் போகும். கால்கீழே என்ன கிடக்கிறது என்று தெரியும் அளவுக்கு வெளிச்சம் வருவது அதற்குச் சுமார் இருபது நிமிஷம் முன்னால். ஆகவே மார்கழிப் பாட்டெல்லாம் கேட்டு, காபி குடித்து, ஆறு மணிக்கு மணலில் கால் வைத்தால் சரியாக இருக்கும். அதற்கு முந்தைய இருட்டு நமக்கானதல்ல. ஏன் என்று சொல்கிறேன். இந்தப் பதிலில் பாதி அதுதான்.

டிசம்பர் கடைசியிலிருந்தே ஒன்றிரண்டு, ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் நிறைய, பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு ஏறி வருகின்றன. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பது இதைத்தான். பெரும்பாலும் இரவில்தான் வரும், சில நாள் விடிவதற்குச் சற்று முன்பும் வரும். நாற்பது கிலோ எடை. கடலில் எவ்வளவு லாவகமோ மணலில் அவ்வளவு திண்டாட்டம். அலை எட்டாத மேட்டுக்கு ஏறி, பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, பிங்பாங் பந்து மாதிரி நூறு முட்டைக்கு மேல் இடும். பிறகு மூடிவிட்டு, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துத் தட்டித் தட்டி மணலை இறுக்கும். ஏறிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் குழி பறிப்பதற்கு முன் ஒரு நாய் குரைத்தாலே போதும், முட்டை இடாமல் திரும்பிவிடும்.

இதில் ஒரு சிக்கல் பாருங்கள். விடியற்காலையில் காற்று பெரும்பாலும் ஊர்ப்பக்கமிருந்து கடலை நோக்கி வீசும். நீங்கள் அலையோரமாக நடப்பீர்கள். ஆமையோ புதிதாக மூடிய குழியோ மேட்டில், உங்களுக்கு மேற்கே இருக்கும். வாசனை நேராக உங்கள் நாயிடம் வந்து சேரும். நீங்கள் எதையும் பார்ப்பதற்கு முன்பே அவன் கிளம்பியிருப்பான்.

மூன்று வருஷத்துக்கு முன், ஜனவரியில் ஒரு நாள், தூக்கம் வராமல் ஐந்துக்கு முன்பே போய்விட்டேன். நானே தப்புச் செய்த கதைதான். கொட்டிவாக்கம் குப்பத்தைத் தாண்டியதும் பட்டாணி நின்றுவிட்டாள். குரைக்கவில்லை. பிடரியிலிருந்து வால் வரைக்கும் மயிர் சிலிர்த்து நின்றது, முன்னங்கால் ஒன்று அந்தரத்தில். கயிறு விறைப்பாக மேற்கே இழுத்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காதில்தான் விழுந்தது: மணலை வாரி வீசும் சத்தம், அப்புறம் நீளமாக ஒரு பெருமூச்சு, வயதானவர்கள் மாடிப்படி ஏறி நின்று விடுகிற மூச்சு மாதிரி. கண் பழகியதும் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு மேடு. பட்டாணியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு, அலைப்பக்கம் இறங்கி வந்த வழியே திரும்பிவிட்டேன். அவளுக்கு அப்போது பதினாறு கிலோ. மறுநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. கயிறு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்?

ஆமை போன பிறகும் ஆபத்து ஓய்வதில்லை. இந்தக் கரையில் 1988 முதல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு இரவெல்லாம் நடக்கிறது. வனத்துறையும் பார்க்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை டார்ச்கூட அதிகம் அடிக்காமல் தடம் தேடி, குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து முட்டைக்குழியைக் கண்டுபிடித்து, பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். அவர்களுக்குத் துப்பு அந்தத் தடம் ஒன்றுதான். டிராக்டர் சக்கரம் உருண்டது போல, இரண்டடிக்கு மேல் அகலமாக, கடலிலிருந்து ஏறி ஒரு கோடு, திரும்பி இறங்கி ஒரு கோடு. நாய் அதன்மேல் நாலு சுற்று ஓடினால் துப்புப் போச்சு. குழியையே தோண்டினால், சொல்லவே வேண்டாம். காலையில் அப்படித் தடத்தைப் பார்த்தால் நாயைத் தள்ளிக் கட்டிவிட்டு, அழியாமல் ஒரு கோடு கிழித்து வைத்து, குழுவுக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்புத்தான் இந்த ஆமைக்கும்.

இன்னொன்று, இப்போது நாய்க்கழுத்தில் மின்னுகிற விளக்குப் பட்டை ஒன்று விற்கிறார்கள். ரோட்டில் போடுங்கள், நல்லது. கடற்கரையில் வேண்டாம். குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கம்தான் ஓடும். அது கடலாக இருந்த காலம் போய், இப்போது தெருவிளக்காக இருக்கிறது. நாம் வேறு ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

உயிரோடு இருக்கும் ஆமையைப் பார்ப்பது அபூர்வம். செத்துக் கரை ஒதுங்கியதை ஜனவரியில் அநேகமாகப் பார்ப்பீர்கள். 2025 ஜனவரியில் சென்னையிலும் அக்கம்பக்கக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கின. ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவை வலையில் சிக்கி வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். அது பெரிய கதை, இங்கே வேண்டாம். உங்கள் பாடு என்னவென்றால், நாய்கள் அழுகிய ஆமையைப் பார்த்தால் முதலில் தோளைச் சாய்த்து அதன்மேல் புரளும். ஒரு தடவை புரண்டால் மூன்று குளியலுக்கும் அந்த நாற்றம் போகாது. அனுபவித்தவன் சொல்கிறேன், காரில் வந்திருந்தால் காரை விற்றுவிடலாம் என்றே தோன்றும்.

சரி, அடுத்தது வாய். லாப்ரடார் என்றீர்கள். அவன் கண்டதையெல்லாம் தின்கிறான் என்று அவனைத் திட்டாதீர்கள். நாலில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்குவதைச் சொல்லும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு குறைவு என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்தது அதற்குத் தெரியாது. அப்படிப்பட்டவனைக் குப்பத்துக் கரையில் அவிழ்த்துவிடுவது பந்தி நடக்கும் மண்டபத்தில் அவிழ்த்துவிடுவது மாதிரி. பந்தியில் விஷமும் இருக்கிறது, அதுதான் கவலை.

மீனவர்கள் வலையை உதறும்போது விலைபோகாததை மணலிலேயே தட்டிவிடுவார்கள். அதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மீன் பேத்தை. பயந்தால் பந்து போல வயிற்றை ஊதிக்கொள்ளுமே, அதுதான். பெரிய தலை, கிளி அலகு மாதிரி முன்பற்கள், செதிலில்லாத சொரசொரத் தோல், வெள்ளை வயிறு. இதன் உடம்பில், முக்கியமாக ஈரலிலும் சினையிலும், டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. செத்தாலும் போகாது, வெயிலில் காய்ந்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. மாற்று மருந்தும் கிடையாது. உதடு நாக்கு மரத்து, எச்சில் ஒழுகி, வாந்தி எடுத்து, கால் தள்ளாடி, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். மூச்சுக்கு உதவி கொடுத்து நஞ்சு இறங்கும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் ஒரே வைத்தியம். 2009-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து கடற்கரைகளில் நடைக்குப் போன நாய்கள் திடீர் திடீரென்று செத்தபோது காரணம் புரியாமல் தவித்தார்கள். பிறகு பார்த்தால் கரை ஒதுங்கிய, ஓடில்லாத ஒருவகைக் கடல் நத்தை, அதிலும் இதே நஞ்சு.

காக்கையைக் கவனியுங்கள். மற்ற மீனையெல்லாம் கொத்தித் தூக்கிக்கொண்டு போயிருக்கும், பேத்தை மட்டும் அப்படியே கிடக்கும். பட்டாணி குட்டியாக இருந்தபோது உள்ளங்கை அளவுப் பேத்தை ஒன்றைக் கவ்விவிட்டாள். நான் இழுக்க, அவள் விளையாட்டு என்று நினைத்து இன்னும் இறுக்க, கடைசியில் தாடையின் ஓரத்தில் விரலைவிட்டுத் திறந்து எடுத்தேன். மீன் முழுசாக வந்தது, தோலில் பல் பதிந்த தடம் மட்டும். வாயைக் கழுவி, ஆட்டோ பிடித்து, மருத்துவர் வாசலில் இரண்டு மணி நேரம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே "விடு" என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். கையில் கருவாட்டுத் துண்டை மூடி வைத்துக்கொண்டு, மூக்கை எடுத்தால்தான் வேறொன்று கிடைக்கும் என்று. உங்கள் பையனுக்கு வேறு எந்த வித்தை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இது தெரியாமல் கடற்கரைக்குக் கூட்டிப் போகாதீர்கள். நிஜமாகவே தின்றுவிட்டான் என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். மீனின் மிச்சம் இருந்தால் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மணலில் கிடக்கும் மற்றவை: கெளுத்தி முள், நரம்போடு அறுந்த தூண்டில் முள், சொறி. சொறி என்றால் ஜெல்லிமீன். செத்ததுகூடக் கொட்டும். மூக்கில் பட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் மிச்சமிருக்கும் கொட்டும் செல்களும் வெடிக்கும். வாடைக்காற்று பலமாக அடித்த மறுநாள் இவை அதிகம். வலையோடு வந்த கடல்பாம்பையும் சில நாள் உதறிப் போட்டிருப்பார்கள். செத்தது போலக் கிடக்கும், நம்ப வேண்டாம். பெரிய மழைக்குப் பிறகு அடையாற்று முகத்துவாரத்துப் பக்கம் ஒரு வாரமாவது போகாமல் இருங்கள். ஊர்ச் சாக்கடை மொத்தமும் ஆகாயத்தாமரையோடு அங்கேதான் வந்து சேர்கிறது, எலிக்காய்ச்சல் கிருமியும் சேர்த்து. அதற்குத் தடுப்பூசி உண்டு. வெறிநாய்த் தடுப்பூசியோடு சேர்த்து வருஷா வருஷம் போட்டுவிடுங்கள்.

தண்ணீரில் இறக்கலாமா என்று கேட்டீர்கள். கணுக்கால் வரைக்கும், கயிற்றோடு. அதற்குமேல் இந்த மாதங்களில் வேண்டாம். லாப்ரடாரின் முன்னோர்கள் கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு பனித் தண்ணீரில் நீந்தியவர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் கரை சட்டென்று ஆழமாகும் கரை. வடகிழக்குப் பருவத்து அலை மணலை முழங்கால் உயரத்துக்குப் படிபோல வெட்டி வைத்திருக்கும். திரும்பும் தண்ணீர் காலை வாரிவிடும். போதாததற்கு நவம்பர், டிசம்பரில் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும். நாய் எதிர்த்து நீந்தும், களைக்கும், பின்னாலேயே நீங்கள் இறங்குவீர்கள். கடற்கரையில் நாம் எல்லாரும் செல்பி எடுக்கும் அந்த வெள்ளை வளைவு நினைவிருக்கிறதல்லவா? ஷ்மிட் என்ற டென்மார்க்காரர், மற்றவர்களைக் காப்பாற்றப் போய் அங்கே மூழ்கிய நாள் 1930 டிசம்பர் 30. மார்கழிதான்.

பந்தைத் தண்ணீருக்குள் எறிவதையும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவை கவ்வும்போதும் ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போகும். ஒரு லிட்டரில் முப்பது கிராமுக்கு மேல் உப்பு. கொஞ்சம் குடித்தால் வீட்டுக்கு வந்து பேதி, தரைவிரிப்பு போகும். நிறையக் குடித்தால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு, அது மருத்துவமனைக் கேஸ். நாய் கடல் தண்ணீரைக் குடிப்பது தாகத்தால். ஆகவே கிளம்பும்போதே ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்துப் போங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். கிண்ணம் எதற்கு, ஒரு கொட்டாங்கச்சி போதும்.

கரையில் மனிதர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மணிக்கு ஊரூர் குப்பத்திலும் திருவான்மியூர் குப்பத்திலும் பைபர் படகுகள் திரும்பத் தொடங்கும். வலை விரித்துக் கிடக்கும். உங்களுக்கு அது நீல நிறத்தில் ஒரு குவியல். அவர்களுக்கு அது கடன் வாங்கிப் போட்ட முதல். உங்கள் நாய் அதன்மேல் காலைத் தூக்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? படகுகள் நிற்கும் இடத்தில் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, வலைக்கு மேற்கே சுற்றிப் போங்கள். கக்கா போனால் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், மணலைத் தள்ளி மூடிவிட்டு வராதீர்கள். அந்த மணலில்தான் ஒரு அக்கா உட்கார்ந்து மீன் பிரிப்பார். இரண்டு மாதம் இப்படி ஒழுங்காக நடந்துகொண்டால் அவர்களே "அண்ணே, அந்தப் பக்கம் போகாதீங்க, பேத்தை கெடக்குது" என்று குரல் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். மாநகராட்சி உரிமமும் வெளியில் கயிறும் கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடற்கரை நாய்களுக்கும் எல்லைக் கோடு உண்டு, நமக்குத்தான் தெரியாது. ஒரு கூட்டம் எழுந்து வந்தால் ஓடாதீர்கள், உங்கள் நாயைத் தூக்காதீர்கள், பேசாமல் கடல் பக்கம் இறங்கிச் சுற்றிப் போங்கள். பிஸ்கட் போட்டுச் சமாதானம் பண்ணலாம் என்று சிலர் சொல்வார்கள். போட்டால் மறுநாள் ஐந்துக்குப் பதில் பதினொன்று வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அவன் ஓடவே முடியாதா என்றால், முடியும். முப்பதடி நீளத்துக்கு ஒரு கயிறு வாங்குங்கள். கடையில் பயிற்சிக் கயிறு என்று விலை வைத்து விற்பதை விட, படகுக்கு வாங்கும் பெருவிரல் பருமன் மிதக்கும் கயிறு மலிவு, ஈரத்தை இழுக்காது. ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் கைக்கு ஒரு முடிச்சு. கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள், வேகமாக ஓடி முடிவில் இழுபட்டால் கழுத்து போகும். மார்போடு போடும் கச்சையில் மாட்டுங்கள். குப்பங்களுக்கு இடைப்பட்ட வெறும் மணலாகப் பார்த்து, அலை நனைத்துப் போன இறுகிய ஈர மணலில் அவனை விடுங்கள். முப்பதடியில் அவன் வட்டமடிப்பான், குழி நண்டைத் துரத்துவான், ஒன்றைக்கூடப் பிடிக்க மாட்டான். மேட்டு மணலில் ஓடவிட வேண்டாம். கால் புதையும் மணல் பத்து மாதக் குட்டியின் இன்னும் முற்றாத மூட்டுக்கு நல்லதல்ல. அரை மணி நேரம் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் ஏறியிருந்தால் ஈர மணலே மிச்சமிருக்காது, அன்றைக்குத் தெருவில் நடங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கைத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உப்பும் ஈரமும் அங்கே தங்கினால் இரண்டே நாளில் நக்கி நக்கிப் புண்ணாக்கிவிடுவான். தொங்கும் காது வேறு, உள்ளே ஈரம் நின்றால் சீழ் பிடிக்கும், மடலைத் தூக்கித் துடையுங்கள். சாப்பாட்டை உடனே வைக்காமல் ஒரு மணி நேரம் கழித்து வையுங்கள். அதற்குள் அவன் வாசல் வெயிலில் மல்லாந்து தூங்கியிருப்பான், மூக்கு நுனியில் நாலு மணல்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் துடைக்கப் போய் எழுப்பிவிடாதீர்கள்.